சத்தி ரோட்டில் வாடகை வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையிலிருந்து சத்தியமங்கலம் போகும் சாலைதான் சத்தி ரோடு. கணபதி தாண்டி சரவணம்பட்டி, விளாங்குறிச்சி, கீரணத்தம், காளப்பட்டி என்று கோவையின் வடக்கும் கிழக்கும் வளர்ந்துகொண்டே போகின்றன. இந்தப் பக்கம் புதிதாக வீடு தேடுகிறவர்களும், ஒப்பந்தம் முடியும் மாதத்தில் வாடகை உயர்வைக் கேட்டுத் திகைத்து நிற்பவர்களும், வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களும் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் திரும்பத் திரும்பக் கேட்பவை இந்தக் கேள்விகள். பெரும்பாலும் அடுக்குமாடி வீடுகளை மனத்தில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். மாடி வீடு, லைன் வீடு பற்றித் தேவையான இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

சரவணம்பட்டிப் பக்கம் வாடகை ஏன் இவ்வளவு ஏறிவிட்டது?

ஒரு தலைமுறைக்கு முன்பு இது காடும் தோட்டமுமாக இருந்த ஊர். 1984-ல் குமரகுரு கல்லூரி வந்தது. 2010-ல், செம்மொழி மாநாடு நடந்த ஆண்டில், விளாங்குறிச்சியில் டைடல் பூங்கா திறந்தார்கள். கீரணத்தத்தில் சிறப்புப் பொருளாதார மண்டலம் வந்தது. 2011-ல் சரவணம்பட்டி, காளப்பட்டி, விளாங்குறிச்சி ஆகியவை மாநகராட்சியோடு சேர்ந்தன. 2017-ல் சிவானந்தபுரத்தில் புரோசோன் மால் வந்தது. 2024 நவம்பரில் விளாங்குறிச்சியில் இன்னொரு தகவல் தொழில்நுட்பக் கட்டடத்தை முதலமைச்சர் திறந்துவைத்தார். ஒவ்வொன்றும் ஆட்களைக் கொண்டுவந்தது. அவர்களுக்கெல்லாம் வேலையிடத்திலிருந்து இருசக்கர வாகனத்தில் போய்வரும் தூரத்தில் வீடு வேண்டும்.

ஆட்கள் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்துவிடுவார்கள். ஓர் அடுக்குமாடி எழும்ப இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். இந்த இடைவெளியில்தான் வாடகை தாவுகிறது.

2020-ல் கொரோனா வந்து, எல்லோரும் சொந்த ஊரிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கியபோது இங்கே பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. வாடகையைக் குறைத்தாவது ஆள் வைத்தால் போதும் என்று வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். அலுவலகங்கள் திரும்ப அழைத்ததும் அந்தக் குறைவையும், இடையில் ஏற்றாமல் விட்ட உயர்வையும் சேர்த்து ஒரே மூச்சில் கேட்டார்கள். அந்தக் காலத்தில் குறைந்த வாடகைக்குக் குடிவந்தவர்களுக்கு ஏற்றம் அதிகமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊர் முழுக்க ஒரே மாதிரியா ஏறுகிறது?

இல்லை. பீளமேட்டில் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் விமான நிலையமும் இருப்பதால் அங்கே தேவை எப்போதும் குறையாது. ஆர்.எஸ்.புரம், சாய்பாபா காலனி பழைய பகுதிகள். புதிதாகக் கட்ட இடம் குறைவு. வடவள்ளியில் காற்றும் தண்ணீரும் நன்றாக இருக்கும் என்று பணி ஓய்வு பெற்றவர்கள் தேடிப் போகிறார்கள். சத்தி ரோட்டிலோ வேலைவாய்ப்புதான் வாடகையைத் தீர்மானிக்கிறது. அதனால் ஏறும்போது வேகமாக ஏறுகிறது, நிறுவனங்கள் ஆட்களைக் குறைக்கும்போது தயங்கி நிற்கிறது.

ஒரே பகுதிக்குள்ளும் பிரதான சாலையிலிருந்து எவ்வளவு உள்ளே போகிறீர்கள் என்பதைப் பொறுத்து வாடகை மாறும். பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் வீட்டுக்கும், மழை பெய்தால் சேறாகும் மண் ரோட்டின் கடைசியில் இருக்கும் அதே அளவு வீட்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. வாகனம் இருக்கிறதே என்று எண்ணி உள்ளே போய்விட்டு, வயதான பெற்றோரை அழைத்துவந்த பிறகு சிரமப்படுகிறவர்களைப் பார்க்கிறேன்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது லைன் வீடுகளின் கதை. ஒரு காம்பவுண்டுக்குள் ஐந்தாறு வீடுகள், பொதுவான தண்ணீர்த் தொட்டி, வாசலில் கொடிக்கயிறு. மில்லுக்கும் பவுண்டரிக்கும் வேலைக்குப் போனவர்கள் அப்படித்தான் குடியிருந்தார்கள். அந்த மனைகளில் இப்போது அடுக்குமாடி எழுகிறது. அங்கே இருந்த குடும்பங்களுக்கு அதே ஊரில் அதே வாடகைக்கு வேறு வீடு இல்லை. வேலை இங்கே, வீடு அன்னூர்ப் பக்கம் என்று அவர்கள் தள்ளிப்போகிறார்கள். வாடகை ஏற்றம் என்று பேசும்போது புதிதாக வந்தவர்களின் சுமையைப் பற்றியே பேசுகிறோம். இவர்களின் சுமை அதைவிடப் பெரியது.

தண்ணீருக்கும் வாடகைக்கும் என்ன தொடர்பு?

கோவையில் எல்லாத் தொடர்பும் உண்டு. நகரின் மையத்துக்கும் மேற்குக்கும் சிறுவாணித் தண்ணீர். இந்தப் பக்கம் பவானி ஆற்றிலிருந்து வரும் பில்லூர்த் திட்டத் தண்ணீர். குழாயில் தண்ணீர் வரும் நாள்கள் தெருவுக்குத் தெரு மாறும். மற்ற புழக்கத்துக்கெல்லாம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அது பல இடங்களில் கடும் உப்பு. கோடையில் அதுவும் வற்றினால் லாரித் தண்ணீர்.

வீடு பார்க்கப் போகும்போது சமையலறை மேடையையும் அலமாரியையும் பார்ப்பதற்கு முன்பு குளியலறைக்குள் போங்கள். குழாயின் வாயில் வெள்ளையாகக் காறை கட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஷவரின் துளைகள் பாதி அடைத்திருக்கும். தரை ஓடுகளின் மூலைகளில் தேய்த்தாலும் போகாத வெண்படலம் இருக்கும். இதெல்லாம் இருந்தால் உப்புத் தண்ணீர் என்று அறிந்துகொள்ளலாம். ஹீட்டரும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் பழுதாகும், துணி வெளிறும், குடிக்க கேன் தண்ணீர் வாங்க வேண்டும். இந்தச் செலவை வாடகையோடு கூட்டினால்தான் அந்த வீட்டின் உண்மையான வாடகை தெரியும்.

பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள். நல்ல தண்ணீருக்குத் தனித் தொட்டி இருக்கிறதா, எல்லாம் ஒரே தொட்டியில் கலக்கிறதா? சமையலறைக்கு நல்ல தண்ணீர்க் குழாய் தனியாக வருகிறதா? ஏப்ரல், மே மாதங்களில் லாரித் தண்ணீர் வாங்கினால் அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணத்துக்குள் வருமா, தனியாகப் பிரிப்பார்களா? வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காமல் காவலாளியிடமும், எதிர்வீட்டு அம்மாவிடமும் கேளுங்கள். தண்ணீர் விஷயத்தில் குடியிருப்பவர் சொல்வதே நம்பகமானது.

புதிய மேம்பாலம், மெட்ரோ என்று சொல்லி அதிக வாடகை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பாலத்துக்குக் கொடுக்கலாம், மெட்ரோவுக்குக் கொடுக்க வேண்டாம். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை சுமார் 10 கிலோமீட்டர் நீளமுள்ள அவினாசி ரோட்டு மேம்பாலம் 2025 அக்டோபர் 9-ல் ஜி.டி.நாயுடு பெயரில் திறக்கப்பட்டது. அந்த ரோட்டின் கிழக்குக் கோடியில் இருப்பவர்களுக்கு நகருக்குள் போகும் நேரம் குறைந்திருப்பது உண்மை. ஆனால் அது அவினாசி ரோடு. சத்தி ரோட்டில் இருக்கும் வீட்டுக்கு அந்தப் பாலத்தைக் காட்டி வாடகை கேட்டால், உங்கள் தினசரிப் பயணம் அதன் வழியாகப் போகிறதா என்று பாருங்கள்.

மெட்ரோ ரயில் அவினாசி ரோட்டிலும் சத்தி ரோட்டிலும் இரண்டு வழித்தடங்களாகத் திட்டமிடப்பட்டது. 2025 நவம்பரில் மத்திய அரசு அந்தத் திட்ட அறிக்கையைத் திருப்பி அனுப்பியது. நாளை ஒப்புதல் கிடைத்தாலும், ஓடத் தொடங்கும்வரை அதனால் கிடைப்பது தோண்டிய ரோடும் தூசியும்தான். வராத ரயிலுக்கு இன்றே வாடகை கொடுக்க ஒரு காரணமும் இல்லை.

ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஏற்றலாம்? சட்டத்தில் வரம்பு இருக்கிறதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017-ல் இயற்றப்பட்ட நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது, இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று எண் எதையும் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி வாடகையை மாற்றிக்கொள்ளலாம் என்கிறது. ஆகவே, ஒப்பந்தத்தில் நீங்கள் எழுதிவாங்குவதுதான் உங்களுக்கான வரம்பு. எதுவும் எழுதாவிட்டால் பதினோராவது மாதத்தில் வீட்டுக்காரர் சொல்வதற்கு நீங்கள் தலையாட்ட வேண்டியிருக்கும், அல்லது சாமான்களைக் கட்ட வேண்டியிருக்கும்.

பேரம் பேசும் பலம் உங்களுக்கு இருப்பது அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்புதான். குழந்தையைப் பள்ளியில் சேர்த்து, கேஸ் இணைப்பை மாற்றி, இன்டர்நெட் போட்டு முடித்த பிறகு அந்தப் பலம் போய்விடுகிறது. வீட்டுக்காரருக்கும் அது தெரியும். எனவே, உயர்வைப் பற்றிப் பேசுவதற்கு உரிய நாள் குடிபுகுவதற்கு முந்தைய நாள். மூன்று ஆண்டுகள் இருக்கப் போகிறீர்கள் என்றால், மூன்று ஆண்டுகளுக்கும் உயர்வு எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து என்று முதல் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

சதவீதம் சிறியதாகத் தெரிந்தாலும் குட்டி போடும். இன்று 15,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் ஐந்தாவது உயர்வின்போது ஏறக்குறைய 19,150 ரூபாய் ஆகும். 10 சதவீதம் ஏறினால் 24,150 ரூபாயைத் தாண்டிவிடும். மாதத்துக்கு 5,000 ரூபாய் வித்தியாசம். முதல் நாள் பேச்சில் "அஞ்சா, பத்தா" என்று ஒரே நொடியில் கடந்துபோகும் விஷயம் இது. பல ஒப்பந்தங்களில் "5 முதல் 10 சதவீதம்" என்று எழுதியிருப்பார்கள். அதைக் கண்டால் 10 என்றே வாசித்துக்கொள்ளுங்கள், அல்லது ஒரே எண்ணாக மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

எல்லோரும் 11 மாத ஒப்பந்தம்தானே போடுகிறார்கள்? அது போதாதா?

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால் வந்த பழக்கம் அது. 2017 சட்டத்தின்படி கால அளவு எதுவானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவும் செய்ய வேண்டும். அதற்கென்று தமிழக அரசு இணையதளம் வைத்திருக்கிறது. வாடகை அதிகாரி துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர்.

"எதற்குங்க வீண் அலைச்சல், நம்பிக்கைதானே" என்று இரு தரப்பும் விட்டுவிடுகிறார்கள். எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் செய்துகொள்ளாததையே காலி செய்யக் கோருவதற்கான காரணமாக அந்தச் சட்டம் ஏற்கிறது. ஒப்பந்தம் இல்லாமல் இருப்பதால் பாதிக்கப்படுவது முதலில் குடியிருப்பவர்தான். முத்திரைத்தாளில் டைப் செய்து கையெழுத்துப் போட்டு பீரோவில் வைப்பதோடு நிறுத்திவிடாதீர்கள்.

அட்வான்ஸ் எத்தனை மாதம் கொடுக்கலாம்?

வேறு விதமாக ஒப்புக்கொண்டாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது 2017 சட்டம். "வேறு விதமாக ஒப்புக்கொண்டாலன்றி" என்ற வாசல் திறந்திருப்பதால் ஐந்து, ஆறு, பத்து மாதம் என்று கேட்பது இன்னும் நடக்கிறது. மூன்றில் தொடங்கிப் பேசுங்கள்.

காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். சண்டை வருவது எப்போதும் பெயின்ட் பிடித்தத்தில்தான். ஒரு மாத வாடகையைப் பெயின்டுக்கென்று பிடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. நீங்கள் குடிபுகும்போது புதிதாகப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்களா? கொடுக்கவில்லை என்றால் போகும்போது எதற்குப் பிடித்தம்? இதையும் முன்பே எழுதிவிடுங்கள். சாவி வாங்கிய அன்றே ஒவ்வோர் அறையின் சுவரையும், கதவையும், குழாயையும், சுவிட்சுப் பலகையையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டு ஆண்டு கழித்து "இந்த விரிசல் முன்பே இருந்தது" என்று வாயால் நிரூபிக்க முடியாது.

மாத வாடகை வேண்டாம், போக்கியத்துக்கு வா என்கிறார்கள். நல்லதா?

ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருந்து, போகும்போது முழுத்தொகையையும் திரும்ப வாங்கிக்கொள்வது போக்கியம். கையில் பணம் இருப்பவருக்கு இனிப்பான ஏற்பாடு. ஆனால் உங்கள் வாழ்நாள் சேமிப்பை ஒருவரிடம் கொடுத்து வைக்கிறீர்கள். அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்து, தவணை கட்டாமல் ஏலத்துக்கு வந்தால் நீங்கள் வரிசையில் கடைசியில் நிற்பீர்கள்.

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். பாருங்கள். மூலப் பத்திரத்தைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். நகல் மட்டும் காட்டினால் அசல் வங்கியில் இருக்கலாம். எழுதிக்கொள்வதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். இந்த மூன்றில் ஒன்றுக்கு வீட்டுக்காரர் மறுத்தாலும் வேண்டாம்.

வாடகையைவிடப் பராமரிப்பும் மின்சாரமும் அதிகமாகிவிட்டதே?

வாடகை எவ்வளவு என்று கேட்பதோடு, மொத்தமாக மாதம் எவ்வளவு வெளியே போகும் என்றும் கேளுங்கள். லிஃப்ட், ஜெனரேட்டர், காவலாளி, பொது விளக்கு, தண்ணீர் மோட்டார் எல்லாம் பராமரிப்புக் கட்டணத்தில் வரும். பத்து வீடுகளுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மேற்படாமல், லிஃப்ட் இல்லாமல் இருக்கும் சிறிய குடியிருப்புகளுக்குப் பொது மின் இணைப்பில் குறைந்த கட்டணத்தை அரசு 2023-ல் அறிவித்தது. உங்கள் குடியிருப்பு அப்படிப்பட்டது என்றால் அந்தச் சலுகை வருகிறதா என்று சங்கத்தில் விசாரியுங்கள். மாதம் ஒரு வீட்டுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் பராமரிப்பு வாங்கும் பெரிய குடியிருப்புகளில் ஜிஎஸ்டியும் சேரும்.

மாடி வீடுகளில் மின்சாரமே பெரிய தகராறு. ஒரே இணைப்பில் மூன்று குடும்பங்கள் இருந்து, ஆளுக்கொரு துணை மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வசூலிப்பார். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது இணைப்புக்குத்தான். மூன்று குடும்பத்தின் பயன்பாடும் ஒன்றாகச் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் மேல்படிக்குப் போய்விடும். ஆகவே, தனி இணைப்புள்ள வீடு, சில நூறு ரூபாய் வாடகை கூடுதல் என்றாலும், லாபமாகவே முடியும்.

நான் வீட்டுக்காரன். எனக்கும் செலவு ஏறுகிறதே, நான் என்ன செய்ய?

உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு 18,000 ரூபாய் வாடகை வந்தால் ஆண்டுக்கு 3.6 சதவீதம்தான் வரவு. வங்கியில் போட்டிருந்தால் கூடுதலாக வந்திருக்கும். 2022-ல் சொத்து வரி வீட்டின் பரப்பளவைப் பொறுத்து 25 சதவீதம் முதல் 100 சதவீதம் வரை உயர்ந்தது. வீட்டுக் கடன் தவணை வேறு.

ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 15,000 ரூபாய் வாடகையில் 5 சதவீதத்துக்குப் பதிலாக 10 சதவீதம் கேட்டால் உங்களுக்கு ஆண்டுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 9,000 ரூபாய். அதற்காக நல்ல குடும்பம் ஒன்று காலி செய்து, வீடு ஒரே ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் 15,000 போச்சு. தரகருக்கு ஒரு மாத வாடகை, பெயின்ட், பிளம்பர் எல்லாம் தனி. மாதம் ஐந்தாம் தேதிக்குள் வாடகை கொடுத்து, குழாய் சொட்டினால் தானே வாஷர் மாற்றிக்கொள்கிற குடும்பத்தைப் போகவிடாதீர்கள்.

கல்யாணம் ஆகாதவர்களுக்கு வீடு இல்லை, சைவம் மட்டும் என்று பலகை வைக்கிறார்களே?

இது எங்கள் பகுதியின் தீராத குறை. "எந்த ஊருங்க, யார் பக்கம்?" என்று அன்பாகத் தொடங்கும் விசாரிப்பு எதை அறிவதற்காக என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். வாடகையை ஒழுங்காகக் கட்டுவாரா, வீட்டைப் பத்திரமாக வைத்திருப்பாரா என்ற இரண்டு கேள்விக்கு மேல் வீட்டுக்காரருக்குத் தெரியவேண்டியது எதுவும் இல்லை என்றே நான் நினைக்கிறேன். இப்படிக் கதவு சாத்தப்படுவதால் தனியாக வேலை பார்க்கும் பெண்களும், வடமாநிலத் தொழிலாளர்களும் கிடைத்த இடத்தில் அதிக வாடகைக்கு ஒண்டுகிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் அறைகளில், ஒரு குடும்பம் கொடுப்பதைப்போல இருமடங்கு வாங்கிவிடுகிறார்கள்.

எந்த மாதம் வீடு தேடினால் நல்லது?

ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்ச மாட்டார்கள். அந்த மாதங்களில் காலியான வீடு அப்படியே நிற்கும், வீட்டுக்காரரும் இறங்கிவருவார். உங்களுக்கு அதில் தயக்கம் இல்லை என்றால் அதுவே சரியான நேரம். மே, ஜூன் மாதங்களில் பள்ளி, கல்லூரி, புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் எல்லோரும் ஒன்றாகத் தேடுவதால் பேரத்துக்கு இடமிருக்காது.

வருமான வரிக்கு வாடகை ரசீது கேட்டால் வீட்டுக்காரர் தயங்குகிறார்.

ரசீது கொடுப்பது அவருடைய கடமை. பழைய வரி முறையில் வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கேட்பதென்றால், ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டும்போது வீட்டுக்காரரின் பான் எண் வேண்டும். புதிய முறையில் அந்த விலக்கே இல்லை. எந்த முறை என்றாலும் வங்கி வழியாகவே வாடகையை அனுப்புங்கள்.

உயர்வுக்கு ஒப்புக்கொள்ளவில்லை என்று தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டால்?

நிறுத்தக் கூடாது. அத்தியாவசிய வசதிகளைத் துண்டிப்பதை 2017 சட்டம் தடை செய்கிறது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். வீட்டுக்குள் வருவதற்கும் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பூட்டை மாற்றி, சாமான்களை வெளியே எடுத்து வைப்பதற்கு வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. காலி செய்யச் சொல்ல வேண்டியது வாடகை நீதிமன்றம்.

அதே சமயம், கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மாத பாக்கி விழுந்தால் அதுவே உங்களைக் காலி செய்யச் சொல்வதற்குச் சட்டப்படியான காரணமாகிவிடும். பழைய வாடகையை வழக்கமான தேதியில் வங்கியில் செலுத்துங்கள், செலுத்திய விவரத்தைச் செய்தியாக அனுப்புங்கள், ஒப்பந்தத்தின் நகலோடு வாடகை அதிகாரியிடம் போங்கள்.